மீசை ஆடுது சார்

அவர் என்னிடம் வேலை பார்த்தவர். பதவியில் எனக்குக் கீழே, வயதில் பதினைந்து வருடம் மேலே. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடலாம். ஆனால் பிடிக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், நான் சொன்னேனா என்று கேட்பார்.

அப்படிக் கேட்பவர்தான் அவர். "நீ பாத்தியா?" என்ற இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து கேட்காத நாளே கிடையாது. என்னிடம் வரும்போது "நீங்க பாத்தீங்களா சார்?" என்று மரியாதை சேர்ந்துகொள்ளும். குரலில் சண்டை இருக்காது. மணி என்ன என்று விசாரிப்பது போலக் கேட்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால், ஒரு சின்னத் தெருவின் கடைசியில் எங்கள் கம்பெனி. மண்ணில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, வெள்ளைப் பவுடரில் கலந்து, பாக்கெட் போட்டு விவசாயிகளுக்கு விற்போம். நான் அதில் லேப் இன்சார்ஜ். மணவாள நகரிலிருந்து கம்பெனி வேனில் வந்து போவேன். பக்கத்து ஆலைகளின் கரித்தூள் எங்கள் ஜன்னல் விளிம்பில் தினமும் படியும். அதைத் துடைப்பதற்கும் கண்ணாடிச் சாமான் கழுவுவதற்கும்தான் அக்காவை முதலில் எடுத்தார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு குடியிருப்பிலிருந்து நடந்தே வருவார். அவருடைய அப்பா அம்மா கூலிக்குக் களை எடுத்த நிலத்தில்தான் எங்கள் தெருவே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவரிடம் கேட்டேன். "அப்டித்தான் சொல்றாங்க சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடி. எனக்குத் தெரியல" என்றார்.

ஒரு சமயம் முதலாளிக்குக் கரையான் மேல் ஆசை வந்தது. கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள் கரையானுக்கு விஷ மருந்து ஊற்றி ஊற்றி அலுத்துவிட்டார்கள், அதே வேலையைப் பாக்டீரியாவை வைத்துச் செய்து காட்டினால் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஒருவித நச்சை வெளிவிடும். அது கரையானின் மூச்சை நிறுத்திவிடும். திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு புற்று மண்ணிலிருந்து அப்படி ஒன்றை நான் பிரித்தெடுத்தேன். லேப் கண்ணாடித் தட்டில் மஞ்சளும் பச்சையுமாக வளர்ந்தது.

பாக்டீரியா தயார். சோதித்துப் பார்க்க உயிரோடு கரையான் வேண்டும். நான் புற்றை இடித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தவை வேனிலேயே செத்துப்போயின. இரண்டு தடவை அப்படி ஆன பிறகு, குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னார்.

"கறையானா சார் ஓணும்? பானையில சாணியும் வைக்கோலும் அடைச்சி தண்ணி தெளிச்சி கவுத்து வெச்சா, காலையில வந்து உக்காந்துக்கினு இருக்கும். கோழிக்குஞ்சுக்கு எங்கம்மா அப்படித்தான் புடிச்சிப் போடும்."

மறுநாள் பானையோடு வந்தார். உள்ளே கரையான் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கரையான் அவர் பொறுப்பு ஆனது. ஈர மரத்தூள் போட்ட பக்கெட்டுகளில் அவற்றை வளர்த்தார். படம் வரையும் மெல்லிய பிரஷ் ஒன்றை வைத்து, ஒரு கால்கூட ஒடியாமல் எடுத்துத் தட்டில் விடுவார். ஒரு தட்டுக்கு இருபது. மேலே நான் பாக்டீரியாக் கரைசலைத் தெளிப்பேன்.

முதல் சோதனையின் ஐந்தாம் நாள், நான் மேலாகப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோங்கக்கா, இருபதும் செத்தாச்சு" என்றேன். அவர் எழுதவில்லை. பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"பதினேழு சார்."

"எல்லாம் மல்லாந்துதானே கெடக்குது."

"மல்லாந்துக்கினு இருந்தா செத்துப்போச்சின்னு அர்த்தமா? மீசை ஆடுது சார். பாருங்க."

குனிந்து பார்த்தேன். மூன்றின் மீசை ஆடிக்கொண்டிருந்தது. மிக லேசாக, நின்று நின்று. அடுத்த நாள் அவையும் அடங்கின. அதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுதினார். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. ஒரு நாள் முன்னே பின்னே, அவ்வளவுதான்.

கேன்டீனில் அவரோடு உட்கார யாருக்கும் பிடிக்காது. ஒரு நாள் பக்கத்து ஷெட்டில் காப்பர் ஒயர் காணாமல் போனது. வடக்கத்திப் பசங்கதான் அடித்துக்கொண்டு போனார்கள் என்று எங்கள் வாட்ச்மேன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நீ பாத்தியா?" என்றார் அக்கா.

"எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்கம்மா."

"எல்லாரும் பாத்தாங்களா?"

வாட்ச்மேன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார். "இதோட பேஜாரா கீது, ஒரு வார்த்த பேச முடியல" என்று அவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அக்கா மீதி இட்லியைச் சாப்பிட்டார். அவர் எதிரில் உட்கார்ந்தால் பேச்சில் பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யாராலும் ஓட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அங்கே ஒவ்வொருவராக எழுந்து ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சாட்சி சொல்வார்களாம். இவர் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "சாட்சின்னா பாத்தவங்க சொல்றது சார். நான் இன்னும் ஒண்ணும் பாக்கலியே. பாத்தா சொல்றேன்" என்றார்.

எனக்கு இவரிடம் ஒரு கோபம் இருந்தது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, முகம் தெளிந்திருக்கிறது, பத்து நாளில் எழுந்து நடப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவும் இரண்டு பஸ் மாறி வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்ததும், "நல்லாயிடும்ல அக்கா?" என்று நானே கேட்டேன்.

"தெரியல சார்" என்றார்.

அவ்வளவுதான். அப்பா இறந்ததும் சுடுகாட்டு வாசல்வரை வந்து நின்றார். அந்தத் 'தெரியல' எனக்குள் வெகுநாள் இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

அவர் எங்களிடம் சேர்ந்ததற்கு முந்தைய வருடம் அவருடைய கணவர் இறந்திருந்தார். அதே தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலை. உலை வெடித்துவிட்டது. வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்களாம். "ஒரு செகண்டுதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்களாம். இவர் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். ஒருவர் ஆபீஸில் இருந்தவர். ஒருவர் அன்றைக்கு லீவு. மூன்றாமவர் ஆலையின் வெளி கேட்டில் நின்றவர்.

"யாருமே பாக்கல சார். பாக்காதவங்க மூணு பேர் வந்து சொல்லிட்டுப் போறாங்க. நானும் பாக்கல. மூடின பொட்டியத்தான் பாத்தேன்."

வெடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒரே ஒருவர். பீகார்க்காரர். அவருக்கும் கையெல்லாம் வெந்துபோய் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய நம்பரை அக்கா ஒரு வருடத்துக்கும் மேலாகத் தேடினார். கான்ட்ராக்டரிடம் கேட்டார், வடக்கத்தி ஆட்கள் தங்கும் கொட்டகைகளுக்குப் போய்க் கேட்டார். கடைசியில் அவர்களுக்குச் சப்பாத்தி போடும் மெஸ்காரர் மூலமாகக் கிடைத்தது. கிடைத்ததும் என்னிடம் வந்தார். நான் முன்பு புனே பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தவன், இந்தி பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரம். லேபுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவருடைய பட்டன் போன்தான். ஸ்பீக்கர் போட்டால் கரகரவென்று ஒன்றும் புரியாது என்பதால் காதில் வைத்துக்கொண்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் நிதானமாகப் பேசினார். பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது. நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் உடனே போகவில்லை. ஆம்புலன்ஸ் வண்டி வர அரைமணிக்கு மேல் ஆனது. அதுவரை நினைவு இருந்தது. "தண்ணி, தண்ணி" என்றார், அந்தத் தமிழ் வார்த்தை எங்களுக்கும் தெரியும். கொடுக்காதே என்று ஓடிவந்து சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். நான் கொடுத்தேன். தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். வண்டியில் ஏற்றும்போது முடிந்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார்.

போனை வைத்தேன். அக்கா கேட்டார்.

"இன்னா சொன்னான் சார்?"

"உடனே போய்ட்டாராம்க்கா."

"அவன் பாத்தானா?"

"பக்கத்துலயே இருந்தானாம். பாத்தானாம்."

"ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தானே?"

"அவன் கை வெந்த கதைய சொன்னான்."

அக்கா தலையாட்டினார். "சரி. ஒருத்தன் பாத்திருக்கான்" என்றார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, கரையான் பக்கெட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தார்.

நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் எனக்கு இறால் தொக்கு செய்து கொண்டுவந்தார். பழவேற்காட்டு இறால். சாப்பிட்டேன்.

கரையான் வேலை அதன்பாட்டுக்கு நடந்தது. லேபில் தட்டுக்குத் தட்டு செத்துக்கொண்டிருந்தன. வயலில் செய்து பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். திருவாலங்காட்டில் ரயில் நிலையத்தைத் தாண்டி, கரும்பு போடும் பெரியவர் ஒருவர் தன் நிலத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், எல்லோரையும் நைனா என்பார். நாங்கள் கேனிலிருந்து பாக்டீரியாக் கரைசலைப் புற்றிலும் கரும்புச் சாலிலும் ஊற்றும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா நைனா, மோர் மாதிரி ஊத்துறீங்க. கறையான் குடிச்சிட்டு ஏப்பம் உடப்போவுது."

"செத்துப்பூடும் பெரியவரே" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, சாவுமா?"

"தெரியலண்ணே. தட்டுல செத்துச்சி. மண்ணுல இன்னா ஆவும்னு தோண்டித்தான் பாக்கணும்."

மூன்று முறை ஊற்றினோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது தரைக்கு மேல் கரையான் தடமே இல்லை. கரும்புத் தண்டில் ஏறியிருந்த மண் பூச்சு காய்ந்து உதிர்ந்திருந்தது. கூட வந்திருந்த முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெரியவரைப் புற்றுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு காரில் கிளம்பிப்போனார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களைக்கொத்தால் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை ஆழம் வரை ஒன்றும் இல்லை. போதும் என்றேன். அவர் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, கரையான் பாதையின் வாயை மண்ணால் பூசி அடைத்திருந்தது. கையால் பெயர்த்தார். உள்ளே செத்த கரையான்கள், நூற்றுக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக. நான் பெருமூச்சு விட்டேன். அவர் பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே போனார். இரண்டு கை தூரத்தில் புது ஈரப் பாதை தெரிந்தது. அதில் வெள்ளை வெளேரென்று கரையான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"செத்தத உள்ள வெச்சி பூசிட்டு, இந்தாண்ட ஊடு மாத்திக்கினு போயிருக்குது சார்."

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. பாக்டீரியாவை அவை தின்னும் பொருளில் கலந்து வைத்துப் பார்க்கலாம், வேறு இனத்தைத் தேடலாம். எல்லாவற்றுக்கும் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். முதலாளிக்குப் பாக்கெட் அந்த நடவுக்கே வெளியே வரவேண்டும்.

"மேல இல்லல்ல? விவசாயி மேலதான் பாப்பான். கீழ போயா பாக்கப்போறான்?" என்றார். ரிப்போர்ட்டில் என் கையெழுத்தும், வயலில் நேரில் பார்த்தவர் என்று அக்காவின் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

நான் எழுதினேன். புற்று செயலிழந்தது, கரையான் நடமாட்டம் இல்லை. எழுதும்போது கை நடுங்கியது, மனம் அடித்துக்கொண்டது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு, இப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாகிவிட்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லையே.

அக்கா தாளை இரண்டு தடவை படித்தார்.

"நாம பாத்தது இது இல்லியே சார்."

"நான் போன வாரம் மறுபடி தனியா போய்ப் பாத்தேன்க்கா. எல்லாம் செத்துப்போச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் படிக்கட்டில் பார்த்த அதே பார்வை. பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீங்க போடுங்க சார் கையெழுத்து. நீங்க பாத்தத நீங்க போடுங்க. நான் பாக்கல."

அவருக்குப் பதில் பேக்கிங்கில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாரமே அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க பவுடர் தூசியில் நின்று பாக்கெட்டுக்குச் சீல் வைக்கும் வேலை. எந்தப் பாக்கெட் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு நாள் செய்தார். அப்புறம் வரவில்லை. நான் முதலாளியிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. நடந்து போகும் தூரம்தான்.

திருவாலங்காட்டுப் பெரியவர் எங்கள் பாக்கெட்டை வாங்கி அடுத்த நடவுக்கு நிலம் முழுக்கப் போட்டார். வழக்கமாக ஊற்றும் மருந்தை ஊற்றவில்லை. எங்களை நம்பினார். நட்டு ஒரு மாதத்துக்குள் போன் வந்தது.

"மொளப்பே வரல நைனா. புடுங்கிப் பாத்தா, நட்ட கரணைத் துண்டு உள்ள மண்ணுதான் இருக்குது. மேல் தோலு மட்டும் கரும்பு."

"ஈரம் பத்தாம பூட்டிருக்கும் பெரியவரே."

அவர் மறுத்துப் பேசவில்லை. "அந்தம்மாவ இட்டுக்கினு வாங்க. அது தோண்டிப் பாத்தா சொல்லிடும்" என்றார்.

"அவங்க வேலய விட்டு நின்னுட்டாங்க" என்றேன்.

"ஓ" என்றார். அந்த வருடம் அவர் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டதாக, அந்தப் பக்கம் போய்வந்த எங்கள் சேல்ஸ் ஆள் சொன்னார். இப்படி இன்னும் சில போன்கள் வந்த பிறகு அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் நிறுத்தினோம். முதலாளி வேறு ஒன்றுக்குப் போய்விட்டார். நான் லேப் இன்சார்ஜாகவே இருந்தேன். இருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், வேன் பழுது என்று ரயிலில் வந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே ஷேர் ஆட்டோவுக்காக ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நீல ஓவர்கோட் போட்ட வடக்கத்திப் பெண்கள். நடுவில் அதே ஓவர்கோட்டில் அக்கா. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் போன பிறகுதான் அவர் பேசியது இந்தி என்று உறைத்தது.

என்னைப் பார்த்ததும் தள்ளி வந்தார். முடி பாதி நரைத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்க்கா. இந்தி பேசுறீங்க."

"கூட வேல செய்றதுங்க எல்லாம் அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க. நாள் பூரா கேட்டுக்கினு இருந்தா வந்துடுது."

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.

"அந்த பீகார் ஆளு நம்பரு எங்கிட்டயே இருந்துச்சி. நம்ம வாயால ஒரு தபா தேங்க்ஸ் சொல்லிடலாமேன்னு போன தை மாசம் போட்டேன்" என்றார்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து, நிரம்பி, போனது. அவர் ஏறவில்லை. நான் எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

"அந்த ரிப்போர்ட்டு அக்கா. நான் மறுபடி போகல. பாக்கவும் இல்ல."

"அது எனக்குத் தெரியும் சார். நான்தான் தோண்டிப் பாத்தேனே." கோபம் இல்லை. என்னோடு எப்போதும் பேசும் அதே குரல்தான். "அதுக்கு எங்கிட்ட கண்ணு இருந்துச்சி. இதுக்கு உங்க வாயத்தான சார் நம்பினேன்."

நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"நல்லதுக்குன்னு சொல்லியிருப்பீங்க. இன்னா நெனச்சி சொன்னீங்களோ, தெரியல. அரைமணி நேரம் இருந்தாருன்னு கேட்டதுக்கு நான் செத்தா போயிட்டேன்? இங்கதான் நின்னுக்கினு இருக்கேன்." ஓவர்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மடியில படுக்க வெச்சிக்கினானாம். எல்லாரும் வேணான்றாங்களாம், இவன் மூடியில ஊத்தி ஊத்தி வாயில வுட்டானாம். குடிச்சாராம் சார். அஞ்சாறு மூடி குடிச்சாராம்."

அடுத்த ஆட்டோ வந்தது. பெண்கள் ஏறிக்கொண்டு ஓரத்தில் அவருக்கு இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"அவுரு ஒருத்தரும் தொடாம தனியாப் போனாருன்னுதான் இத்தினி வருசம் நெனச்சிக்கினு இருந்தேன். அந்தத் தண்ணியையாவது சொல்லியிருக்கலாம் சார்."

ஆட்டோ போய்விட்டது. நான் நடந்தே கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன், ஏன் லேட் என்று கேட்டார். வேன் பழுது என்றேன்.